தக்காளி முளைக்கும்வரை

நாற்றுப் பண்ணைக்காரர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால், பண்ணை அவர் மனைவியின் கைக்கும் தங்கையின் கைக்கும் வந்தது. வழக்கமான மண் கலவை தீர்ந்திருந்தது. கிடைத்ததை வைத்து, பாதிக் குழித்தட்டுகளில் மணலையும் மீதியில் களிமண்ணையும் நிரப்பி, அண்ணியும் நாத்தனாருமாகத் தக்காளி விதை ஊன்றினார்கள்.

அண்ணிக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் தட்டு நினைப்பு. தட்டுக்கு முன்னால் நின்றால் ஆஸ்பத்திரி நினைப்பு. கை சும்மா இருக்க மாட்டாமல் பூவாளியைத் தூக்கினாள். காலை, மதியம், மாலை என்று எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரி ஊற்றினாள். முளைத்துவிட்டதா என்று அவர் போனில் கேட்டால், வரப்போகிறது என்று சொல்லிவிட்டு இன்னொரு சுற்று ஊற்றினாள்.

மணலில் முளை தலைகாட்டியது. களிமண்ணில் தண்ணீர்தான் பளபளவென்று தேங்கி நின்றது. நாத்தனார் ஒரு குழியைக் கிளறி, விதையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அழுகல் வாடை.

"அண்ணி, நீங்க வளக்கல. முழுகடிக்கிறீங்க."

பூவாளியை வாங்கிக் கொட்டகையில் வைத்துப் பூட்டினாள். களிமண் தட்டுகளில் மறுபடி விதைத்தாள். அவள் நிதானக்காரி. வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவாள் என்று அண்ணன் கேலி செய்வார். எல்லாத் தட்டுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் காட்டினாள். அண்ணி கையைப் பிசைந்துகொண்டு தட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

களிமண்ணைப் பிளந்துகொண்டு முளைகள் கூன்முதுகோடு எழுந்தன. ஆனால் மணல், வெயில் ஏறுவதற்குள் அடிவரை காய்ந்து, அதிலிருந்த நாற்றெல்லாம் நூலாய்ச் சுருண்டுவிட்டது. நாத்தனார் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் அண்ணி வந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

"என் அவசரம் களிமண்ணுக்கு ஆகல. உன் பொறுமை மணலுக்கு ஆகல. சாவியக் குடு, மணல நான் பாத்துக்கறேன்."

மணலில் மறுபடி விதை விழுந்தது. அண்ணி அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தாள். அன்று அவர் போனில் கேட்டபோது, பாதிதான் வந்திருக்கிறது என்று உள்ளதைச் சொன்னாள்.

சில நாளில் மணலிலும் பச்சை தெரிந்தது. அப்போதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெளித்து முடித்த கையோடு களிமண் தட்டுகள் பக்கம் நகர்வாள்.

"அண்ணி, கை" என்பாள் நாத்தனார், திரும்பிப் பார்க்காமலே.

ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. அண்ணி பூவாளியோடு மறுபடி மணல் பக்கம் நடந்தாள்.