கழுத்தின் எந்தப் பக்கம்

கணவன் அனுப்பியிருந்த குரல்பதிவு செல்போனில் மறுபடியும் ஒலித்தது.

"வாத்தியாரம்மா, பயப்படாத. பாறை இடுக்குல விழுந்துட்டேன், கால் நகரல. பனிமூட்டத்துல உச்சியச் சுத்தினதுல எந்தப் பக்கம் சறுக்கினேன்னே தெரியல. சார்ஜ் போகப்போகுது. எதிர்ல ஒரு புள்ளிப்புறா உக்காந்து என்னையே பாத்துட்டிருக்கு. கழுத்துல புள்ளி நல்லாத் தெரியுது. இந்தத் தடவை தப்பே இல்ல. தேடி வர்றவங்ககிட்ட சொல்லிடு..."

அவ்வளவுதான். அதன் பிறகு அவனை அழைத்தால் மணியே அடிக்கவில்லை.

மலையடிவாரத்தில், நில அளவைக்கு வரும்போது அவன் தங்கும் தகரக் கொட்டகையில் அவளும் நாத்தனாரும் மீட்புக் குழுவும் நின்றிருந்தார்கள். மலையின் மேற்குச் சரிவு அடர்ந்த ஈரக்காடு. கிழக்கே வறண்ட முட்காடு. பாறை இடுக்குகள் இரண்டு பக்கமும் உண்டு. புள்ளிப்புறா மேற்கே மட்டும், பார்க்க அதேபோல இருக்கும் சின்னத் தவிட்டுப்புறா கிழக்கே மட்டும். போன வருஷம் குழந்தைகள் புத்தகத்துக்குப் பறவைப் படம் வரைய இரண்டு பக்கமும் அலைந்தவள் அவள். குடை பிடித்துக்கொண்டு கூடவே அலைந்தவன் அவன்.

"அப்ப மேற்கு" என்று மீட்புக் குழுத் தலைவர் கயிற்றைத் தோளில் மாட்டினார். "இருக்கிறது ஒரே குழு. இருட்டறதுக்குள்ள ஒரு பக்கம்தான் பாக்க முடியும்."

இந்த இரண்டு புறாவும் அவள் கணவனுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. அவள் வரைந்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்பாள். தப்பாகச் சொன்னால் அன்றைய பாத்திரம் அவன் பாடு. அதிலிருந்து அவள் கை சோப்பு நுரையைத் தொட்டதே இல்லை.

"சார், கொஞ்சம் இருங்க. அவருக்குப் புறா தெரியாது."

நாத்தனார் பாய்ந்து வந்தாள். "அண்ணி! உயிருக்குப் போராடிட்டிருக்கிற மனுஷன் தெளிவா புள்ளிப்புறான்னு சொல்றான். இப்பவும் அண்ணனுக்குப் பரீட்சை வைக்கணுமா?"

சுருக்கென்றது. இந்த ஒரு தடவை அவன் சரியாகச் சொல்லியிருந்தால்?

மறுபடி அந்தக் குரலைக் கேட்டாள். என்னையே பாத்துட்டிருக்கு. கழுத்துல புள்ளி.

கண்ணை மூடினாள். அவள் தூரிகை வைத்த இடங்கள் நினைவில் எழுந்தன. புள்ளிப்புறாவுக்குப் பிடரியில்தான் புள்ளி, கறுப்புத் துணியில் வெள்ளை தெளித்ததுபோல. தவிட்டுப்புறாவுக்குப் பிடரி வெறுமை. தொண்டைக்குக் கீழே செம்பழுப்பில் கறுப்புப் பொட்டுகள்.

"கிழக்கே போங்க சார். புறா அவரைப் பாத்து உக்காந்திருக்கு. அப்பவும் புள்ளி தெரியுதுன்னா அது முன்கழுத்துல இருக்கு. அது தவிட்டுப்புறா."

"புறா பக்கவாட்டுலயும் பாக்கும்மா. பிடரியும் தெரியலாமே."

"தெரியலாம்."

"நாங்க கிழக்கே போய், அவர் மேற்கே கிடந்தா?"

"நான்தான் அவரைக் கொன்னேன்னு ஆகும். போங்க சார்."

அவர்கள் போனார்கள். நாத்தனார் வயர்லெஸ் பெட்டியின் முன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணியின் பக்கம் திரும்பவேயில்லை. தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்தது. மேற்குப் பக்க ஜன்னலை அண்ணி சாத்திவிட்டு வந்தாள்; அந்தக் காட்டுக்குள் அவன் தன்னைக் கூப்பிடுவதுபோலவே இருந்தது. சாத்திய பிறகும் கேட்டது. எழுந்து போய் மறுபடி திறந்தாள். காட்டுக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம்தான். ஓடிப்போய் அவர்களைத் திருப்பிக் கூப்பிடலாமா? வயர்லெஸை நோக்கிக் கை நீண்டது, பாதியில் நின்றது.

பெட்டி கரகரத்தது.

"ஆள் கிடைச்சாச்சு. கிழக்குச் சரிவு. கால் உடைஞ்சிருக்கு, நல்லாப் பேசறாரு." பின்னால் யாரோ முனகினார்கள். "அம்மா, அது எந்தப் புறான்னு கேக்கறாரு."

இவ்வளவு நேரம் தாங்கி நின்ற அவள் உடம்பு இப்போதுதான் வெடவெடத்தது. பற்கள் தாளம் போட்டன.

நாத்தனார்தான் பெட்டியைப் பிடுங்கிக் கத்தினாள். "தவிட்டுப்புறா! மக்கு அண்ணா, தவிட்டுப்புறா!"

பிறகு வந்து, பின்னாலிருந்து அண்ணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அண்ணியின் பிடரியில் வெதுவெதுப்பாக ஈரம் பட்டது. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.