கடைசி வீட்டுக் குழாய்

மலேசியாவின் செம்பாக்கா செம்பனைத் தோட்டத்தில் காலை ஏழு மணிக்கு மற்ற வீட்டுக் குழாய்களில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, ஐயாவுவின் வாசலுக்கு வரிசை வந்துவிடும். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய நீல டிரம், தள்ளுவண்டியில் ஏற்றிய வாளிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல் என்று எல்லாம் அங்கேதான் நிரம்பும். ஒரு டிரம்மின் விலை ஐந்து வெள்ளி. ஐயாவு அதை விற்பனை என்று சொல்லமாட்டார். சேவை என்பார். சேவைக்குச் சில்லறை சரியாகக் கொண்டுவர வேண்டும்.

அவர் ஓய்வுபெற்ற ஸ்டோர் கிராணி, அதாவது தோட்டத்துக் கிடங்கில் கணக்கு எழுதியவர். தோட்டத்துத் தண்ணீர்க் குழுவின் தலைவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுதும், மற்றது மரியாதைக்கு. வீட்டின் பின்னால் சிமெண்டு மேடை கட்டி இரண்டு கறுப்புத் தொட்டிகளை ஏற்றி வைத்திருந்தார். ஜெராம் சாலையில் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்குத் தன் பெயரை அவற்றின் மேல் எழுதியிருந்தார்.

அந்தச் சாலையோரத்தில்தான் தோட்டத்துக்கான ஒரே மீட்டர் இருந்தது. அங்கிருந்து புறப்படும் ஒரே குழாய், முதலில் ஐயாவுவின் வீட்டைத் தொட்டு, லயம் லயமாக ஒட்டிக் கட்டிய நாற்பத்திரண்டு வரிசை வீடுகளையும் கடந்து, செம்பனை மரங்களின் ஓரத்தில் கடைசி வீட்டில் போய் முடியும். தலைவர் வீடு தலையில் இருப்பது பொருத்தம்தான் என்று அவருக்கே ஒரு எண்ணம் உண்டு.

ராசா என்ற ஊரிலிருந்து ஃபியோனா வந்ததும் அவருடைய ஏற்பாட்டில்தான். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பெண். தண்ணீரை மக்கள் தங்களுக்குள் எப்படி வாங்கி விற்கிறார்கள், பலருக்குப் பொதுவான ஒரு குழாய் யாருக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதுதான் அவளுடைய படிப்பு. சேதி கேள்விப்பட்டதும் ஐயாவு மூன்று கடிதம் போட்டு அவளை வரவழைத்தார். ஆய்வின் முடிவை அதற்கு முன்பே அவர் தயாராக வைத்திருந்தார்.

"எழுதிக்கம்மா. பழைய பைப்பு. வெள்ளக்காரன் காலத்துது. உள்ள பூரா துரு. அதான் பின்னால இருக்கிற வீட்டுக்கெல்லாம் தண்ணி போவல. நான் மட்டும் இல்லன்னா இந்த ஜனங்க கதி என்னாவும், அதையும் சேத்து எழுது."

"பேரு போட மாட்டோம் அங்கிள். வீட்டு நம்பர் மட்டும்தான்."

ஐயாவுவுக்கு அது பெரிய குறையாகப் பட்டது. "செஞ்சவன் பேரே இல்லன்னா சேவை எப்படிம்மா வெளிய தெரியும்?"

"ரூல்ஸ் அப்படி லா, அங்கிள்." அவள் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனாள். "உங்க டேங்குக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

"பைப்பு தண்ணிதான். நான் சேத்து வெக்கிறேன், மத்தவன் சேக்கல, அவ்ளோதான் வித்தியாசம். மெயின் பைப்புலயே ஒரு சின்ன பம்ப் மாட்டியிருக்கேன். லேசா இழுத்துக் குடுக்கும்."

"எப்போ போடுவீங்க?"

"பன்னெண்டு மணிக்கு. ஏன்னு கேளு. எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க. நம்மால யாருக்கும் ஒரு தொந்தரவு வரக்கூடாது பாரு."

ஃபியோனா அதை வெகுநேரம் எழுதினாள். தன்னுடைய நல்ல மனசுக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறதே என்று ஐயாவு உள்ளுக்குள் நெகிழ்ந்துபோனார்.

அடுத்த மூன்று வாரங்களும் அவள் வீடு வீடாகச் சென்று, குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று முள் காட்டும் சிறு மானிகளைப் பொருத்திவைத்துக் குறிப்பெடுத்தாள். கடைசி வீட்டுக் கணக்கை நேரில் நின்று பார்க்கவேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டபோது, ஐயாவுவும் கூடவே கிளம்பினார். அந்த வீட்டுக்கு மட்டும் அவர் டிரம்முக்கு ஒரு வெள்ளி குறைத்துக் கொடுக்கிறார். ஆய்வில் அது விட்டுப்போய்விடக் கூடாது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து.

"என்னா கிராணி, பொண்ணு பாக்கவா போற, இவ்ளோ மினுக்கிக்கிட்டு வந்திருக்க?" என்று வரவேற்றார் நாராயணசாமி.

முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டிய மனிதர். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, இப்போது வயிற்றில் ஒரு குழாயோடு வீட்டில் இருக்கிறார். ஒரு நாளைக்கு நான்கு தடவை அந்தக் குழாய் வழியாகப் பையிலிருக்கும் மருந்துநீரை வயிற்றுக்குள் விட்டு, பழையதை வெளியே எடுக்கவேண்டும். அதுதான் அவருக்குச் சிறுநீரகம்.

அவருடைய மனைவி கங்கா, ஃபியோனாவுக்கு விளக்கினாள். "பை மாத்துறதுக்கு முன்னாடி கைய சோப்பு போட்டு நல்லா கழுவணும்மா. ஓடுற தண்ணியில கழுவணும், வாளியில மொண்டு ஊத்தக்கூடாதுன்னு ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. நாங்க எங்க போறது? மத்தியானம் பை மாத்துற நேரத்துல பைப்பு நின்னுடும். டிரம்மு தண்ணியத்தான் மொண்டு ஊத்துவேன். இந்த வருசத்துல ரெண்டு வாட்டி வயித்துக்குள்ள கிருமி ஏறிடுச்சு. பை கலங்கி வந்துச்சு. காச்சல்ல மனுசன் துடிச்சிட்டாரு."

"மூணாவது வாட்டி வந்தா டியூபைப் புடுங்கிடுவாங்களாம்" என்றார் நாராயணசாமி, வேறு யாருடைய வயிற்றைப் பற்றியோ பேசுவதுபோல. "அப்புறம் வாரத்துக்கு மூணு நாளு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் சுத்தம் பண்ணணும். தோட்டத்துக்குள்ள பஸ்ஸே வராது. குலை ஏத்துற லோரியில தொங்கிக்கிட்டுப் போவேன்னு நெனைக்கிறேன்."

"எல்லாம் பழைய பைப்பு பண்ற வேலை" என்று ஐயாவு ஃபியோனாவின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. குழாயில் சுண்டுவிரல் பருமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "இன்னும் நிக்கல, சீக்கிரம் வாங்க" என்று கங்கா அழைக்க, நாராயணசாமி முழங்கைவரை நனைத்து, சோப்பைத் தேய்க்கத் தொடங்கினார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாக நிதானமாகத் தேய்த்தார். குலை வெட்டிய காலத்தில்கூட அவர் எந்த வேலையையும் இத்தனை கவனமாகச் செய்து ஐயாவு பார்த்ததில்லை.

அப்போது ஐயாவுவின் கைப்பேசி அழைத்தது. மனைவி தனேஸ்வரி.

"என்னங்க, மணியாச்சு. பம்ப் போடவா?"

"போடு, போடு. சாயங்காலம் படம் எடுக்கணும்னு இந்தப் பொண்ணு சொல்லியிருக்கு. ரெண்டு டேங்கும் தளும்பணும்."

அவர் கைப்பேசியைப் பையில் போடுவதற்குள் குழாயிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. சுண்டுவிரல் நூலானது. நூல் சொட்டானது. ஃபியோனா மாட்டியிருந்த மானியின் முள் வழுக்கிக்கொண்டே போய்ப் பூஜ்யத்தில் படுத்தது.

நாராயணசாமி சோப்பு நுரையோடு இரண்டு கைகளையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். "நின்னுடுச்சு" என்றார், பழக்கப்பட்ட குரலில். கங்கா டிரம்மை நோக்கி நடந்தாள்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றாள் ஃபியோனா. பிறகு ஐயாவுவிடம் திரும்பினாள். "அங்கிள், ஆன்ட்டிக்குப் போன் போட்டு பம்ப நிறுத்தச் சொல்றீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? இது துரு..."

"ஒரு வாட்டி மட்டும், அங்கிள்."

அவர் போன் போட்டார். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஐயாவு வெற்றியோடு வாயைத் திறந்தார். குழாய் இருமியது, துப்பியது, பிறகு சுண்டுவிரல் பருமனுக்குத் தண்ணீர் திரும்ப வந்தது.

"தற்செயலா இருக்கும்" என்றார் அவர். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. யாரும் கேட்காமலே மறுபடி போன் போட்டார். "தனம், பம்பப் போடு." தண்ணீர் நின்றது. "நிறுத்து." தண்ணீர் வந்தது. மூன்றாவது முறையும் போடச் சொன்னார். அந்தப் பக்கம் தனேஸ்வரி, "உங்களுக்கு என்னங்க ஆச்சு, வெயில்ல நிக்கிறீங்களா?" என்று கேட்டாள். தண்ணீர் மறுபடி நின்றது.

நாராயணசாமியின் கைகளில் நுரை காய்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. "கிராணி, உன் வெளையாட்டு முடிஞ்சா சொல்லு. கை கடுக்குது."

ஐயாவு பக்கத்திலிருந்த டிரம்மைப் பிடித்துக்கொண்டார். அவர் விற்ற டிரம். அதிலிருந்த தண்ணீர் இந்த வீட்டுக் குழாய்க்கு வரவேண்டிய தண்ணீர். வழியில் இழுத்துத் தொட்டியில் ஏற்றி, இந்த வீட்டுக்கே நாலு வெள்ளிக்குக் கொடுத்து, ஒரு வெள்ளி குறைத்ததற்காக நன்றியும் வாங்கியிருக்கிறார். பம்ப் மாட்டிய இந்த நான்கு வருடமும், தினமும் பன்னிரண்டு மணிக்கு. எல்லோரும் வேலைக்குப் போன நேரம் என்று அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நேரத்தில், வேலைக்குப் போகமுடியாத ஒருவன் சோப்புக் கையோடு நின்றிருக்கிறான்.

"அந்த ரெண்டு வாட்டி கிருமி ஏறினதும்..." என்று ஆரம்பித்தார் ஐயாவு.

"அதுனாலதான்னு நான் சொல்லக்கூடாது அங்கிள். நான் டாக்டர் இல்ல" என்றாள் ஃபியோனா. "தண்ணி எப்போ நிக்குதுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். மூணு வாரமா ஒரு நாள்கூடத் தவறல. பைப்புல துரு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா துருவுக்கு மணி பாக்கத் தெரியாது."

அவமானத்தில் நிற்கும் பெரிய மனிதர்கள் முதலில் தேடுவது, தாங்கள் மறுபடி பெரிய மனிதர் ஆக ஒரு வழி. ஐயாவுவுக்கும் ஒன்று கிடைத்தது. "கங்கா, நாளையிலேர்ந்து உன் வீட்டுக்கு டிரம்மு சும்மாவே அனுப்புறேன். காசே வேணாம். எத்தன டிரம்மு வேணும்னாலும் கேளு."

கங்கா கணவனின் கையில் காய்ந்த நுரையைப் பார்த்தாள். பிறகு, கோபம் இல்லாத குரலில் சொன்னாள்:

"நீங்க எங்களுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம்ணே. எடுக்காம இருந்தா போதும்."

அடித்திருந்தால்கூட ஐயாவு தாங்கியிருப்பார். நாற்பது வருடமாகத் தன்னை "கிராணிண்ணே" என்று எழுந்து நின்று அழைத்தவள் அவள்.

கைப்பேசி மறுபடி அழைத்தது. "என்னங்க, ஒரே முடிவாச் சொல்லுங்க. பம்பு ஓடிக்கிட்டிருக்கு. விட்டுடவா, நிறுத்தவா?"

"நிறுத்து. நிறுத்திட்டு வயர வெட்டிடு. நான் வந்து மோட்டாரக் கழட்டுறேன். சாயங்காலம் எல்லாரையும் கோயில்கிட்ட வரச் சொல்லு, நானே சொல்லிடறேன்."

"கழட்டுறதா? அப்போ நம்ம தண்ணி?"

குழாயில் தண்ணீர் திரும்பி வந்தது. நாராயணசாமி மறுபடியும் முதலிலிருந்து சோப்புப் போடத் தொடங்கினார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. ஐயாவு அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நம்ம தண்ணின்னு ஒண்ணு கெடையாது தனம். எல்லாருக்கும் போற பைப்பு நம்ம வாசலத் தாண்டிப் போவுது, அவ்ளோதான். கடைசி வீட்டுக்காரன் கைகழுவி முடிச்சப்புறம் மிச்சம் இருந்தா, அதுதான் முதல் வீட்டுக்காரன் சேத்து வெக்கிற தண்ணி."