அத்தையைத் திட்டும் உரிமை

வீடு ஒன்று, கட்சி இரண்டு. முன்னறையில் தையல் மிஷின் மிதிக்கும் அத்தை ஒரு கட்சி. அந்த மிஷின் ஓடிய ஓட்டத்தில் பட்டம் வாங்கிய அண்ணன் மகள் நேர் எதிர்க்கட்சி. சோற்றுத் தட்டில் தொடங்கும் சண்டை முகநூலிலும் தொடரும். அங்கே அத்தைக்குப் பெயர் 'கத்தரிக்கோல்'. கணக்கைத் திறந்து கொடுத்ததே இவள்தான். இவள் பெயர் 'தீப்பொறி'. கட்சிக் குழுவில் இவளை வாய் நிறையத் 'தோழர்' என்பார்கள். வேலை பார்க்கும் இடத்தில் "ஏம்மா, உன்னத்தான்". அதனால் அந்தக் குழுவென்றால் இவளுக்கு உயிர்.

அன்று பேருந்துக் கட்டண உயர்வு பற்றி வாக்குவாதம். கத்தரிக்கோல் உயர்வை ஆதரித்துக் கேள்வி மேல் கேள்வி கேட்க, இவள் கட்சிக்காரர்கள் பேச்சை மாற்றினார்கள். ஒருவன், "ஆம்பளையா இருந்தா மூஞ்சியக் காட்டுடா" என்று எழுத, கழுத்தில் அளவு நாடாவோடு படம் எடுத்துப் போட்டுவிட்டாள் அத்தை.

"நான் பொம்பளைப்பா. இப்ப கட்டணத்தப் பத்திப் பேசு."

யார் பேசினார்கள்? எடுப்பான பல்லைப் பேசினார்கள், நரையைப் பேசினார்கள், வாயில் வரக் கூடாததையெல்லாம் பேசினார்கள். குழுவில் இவளுக்குச் செய்தி வந்தது: "தோழர், கிழவி மாட்டிக்கிச்சு. வந்து ஒரு போடு போடுங்க."

 இதே குழு ஊரார் அம்மாக்களை இழுத்துத் திட்டியபோது சிரிப்பு எமோஜி போட்டவள்தான் இவளும். இன்று சொந்த வீட்டு ஆள். வாயைத் திறந்தால் குழுவில் இடமிருக்காது. திறந்தாள், சொந்தப் பெயரோடும் முகத்தோடும்:

"தீப்பொறி நான்தான். அது என் அத்தை. அவங்க சொல்றது சுத்த அபத்தம், அதை நான் பாத்துக்கறேன். அவங்களத் திட்டுற உரிமை எனக்கு மட்டும்தான். மத்தவன் வாயக் கழுவிட்டு வா."

கண் மூடித் திறப்பதற்குள் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

மிஷின் சத்தம் நின்றது. அத்தை கைப்பேசியோடு உள்ளே வந்தாள்.

"அடி கூறுகெட்டவளே! இனி உன்னையுமில்ல கிழிப்பானுங்க?"

"கிழிக்கட்டும். தைக்க நீ இருக்கியே."

அத்தை சிரிக்கவில்லை. இவள் தலையை இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டாள். இவளும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். மூக்கை உறிஞ்சியது யார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அது சரி, அபத்தம்னு எழுதியிருக்கியே, எதுடி அபத்தம்?"

"காசு ஏத்தினா வண்டி ஒழுங்கா ஓடும்னியே, அது."

"நஷ்டத்துல ஓடுற வண்டிய எவன் பழுது பாப்பான்?"

"போன தடவை ஏத்தினாங்களே, பாத்தாங்களா?"

 அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லு. வேற என்ன பண்ணணும்ங்கற?"