குரங்கு விரட்டல்

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் விடிகாலை தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சி பழகும் இருபத்திரண்டு பேரில் ராஜகுமாரிக்கு எட்டு மாதமாக முதல் வரிசை. அதைப் பறித்தவர் ஹேமநாதன், கூட்டத்தை நடத்துகிறவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் ஓய்வுபெற்று அடுக்குமாடியில் குடியேறியவர். சீனாவுக்கு நாலு நாள் போய்வந்துவிட்டு, பெருஞ்சுவருக்குத் தானே சுண்ணாம்பு அடித்ததுபோலப் பேசுவார்.

“ராஜகுமாரிம்மா, யூனிஃபார்ம் இல்லல்ல? ஃபோட்டோல விழாம கடைசி வரிசைக்குப் போங்க.”

“பொடவ கட்டிகினா கை காலு ஆடாதா சார்?”

“ஆடும். பாக்கத்தான் மாவாட்டற மாதிரி இருக்கு.”

மற்ற இருபது பேரும் சிரித்தார்கள். அன்று அவள் வயிறு எரிந்த எரிச்சலில், அடுப்புப் பற்றவைக்காமலே ஒரு படி அரிசி வெந்திருக்கும்.

“நேரா போயி நாலு கேள்வி கேளு அத்தே,” என்றாள் அண்ணன் மகள் நிஷா.

“நான் இன்னாத்துக்குடி கேக்கணும்? அந்தாளு என்னாண்ட வந்து கேக்கணும். ஊரே பாக்கணும்.”

வழியைக் காட்டியது ஒரு கொசு. தாய்ச்சியில் பாதி முடிந்ததும் எல்லோரும் முதுகுப்பக்கம் திரும்புவார்கள். கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். அப்படித் திரும்பி நின்ற ஒருநாள், கணுக்காலில் கடித்த கொசுவைக் குனிந்து ‘பட்’டென்று அடித்தாள். பின்னாலேயே பட், பட், பட்! ஓரக்கண்ணால் பார்த்தாள். இருபத்தொரு பேரும் பயபக்தியோடு கணுக்காலை அறைந்துகொண்டிருந்தார்கள். அதிலும் ஹேமநாதன், கண் பாதி மூடி, ஞானி மாதிரி.

அடப்பாவி! பின்பாதி இந்த ஆளுக்கே தெரியாது.

இரண்டு மாதம் அவள் வாயே திறக்கவில்லை. வாயைத் திறந்தால் சிரிப்பு பூந்தமல்லி வரை கேட்கும் என்ற பயம்.

குடியரசு தினம் வந்தது. கரைமேல் நாற்காலிகளில், தாய்ச்சி பார்க்க வந்த கவுன்சிலரும் ஊர்ச்சனமும். கீழே புல்லில், ஏரியைப் பார்த்தபடி வரிசைகள். தண்ணீருக்கு நாலு முழத்தில், வெள்ளைப் பட்டில், முதல் ஆளாக ஹேமநாதன். முன்பாதி அமர்க்களமாக முடிந்து எல்லோரும் கரைப்பக்கம் திரும்பினார்கள். இப்போது முன்னால் ராஜகுமாரி. ஏரியை ஒட்டிக் கடைசியில் ஹேமநாதன்.

அடுத்த அசைவுக்குப் பெயர் குரங்கு விரட்டல். எதிரில் வரும் குரங்கை ஒரு கையால் தள்ளிக்கொண்டே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் போக வேண்டும். கணக்கு நாலே அடி.

ராஜகுமாரி ஐந்தாவது அடி வைத்தாள். கூட்டமும் வைத்தது. ஆறு. ஏழு. சேற்றில் பின்னடி வைத்தே நாற்று நட்ட குடும்பம் அவளுடையது. திருவள்ளூர் வரை இப்படியே போகச் சொன்னாலும் போவாள். ஒன்பதாவது அடியில் பின்னால் ‘சளக்’ என்றது.

கவுன்சிலர் பார்க்கிறாரே, ஹேமநாதன் நிற்க முடியுமா? முகத்தில் ஞானம் குறையாமல் போய்க்கொண்டே இருந்தார். ஜிலேபி மீன்கள் ஒதுங்கி வழிவிட்டதாக ஊரில் இன்றைக்கும் பேச்சு. அந்த இடத்தில் முழங்காலுக்கு மேல் முங்காது என்று ராஜகுமாரிக்குத் தெரியும். இடுப்பு வரை இருந்திருக்கலாம் என்று ஒரு சின்ன வருத்தம், அவ்வளவுதான்.



“ராஜகுமாரிம்மா...” ஏரிக்குள்ளிருந்து ஒரு குரல், ஊரே கேட்க. “அடுத்தது என்னம்மா?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மெதுவாக, மிக மெதுவாக நீட்டினாள்.

“இன்னும் ரெண்டு அடி பின்னால போங்க சார்.”