அக்னி மூலை

கள்ளக்குறிச்சி சேலம் ரோட்டில் இருக்கும் 'மலைச்சாரல்' அடுக்குமாடிக்கும் சாரலுக்கும் இருந்த ஒரே உறவு, பெயர்ப்பலகையில் வரைந்திருந்த கல்வராயன் மலைதான். பங்குனி வெயில் ஏறியதும் குடியிருப்போர் சங்கம் கூடியது. கட்டடம் முழுக்க ஏசி போட வேண்டும், எந்த முறை நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சங்கச் செயலாளர் கண்ணகி டீச்சர், கம்பெனிக்காரர்களிடம் விசாரித்து வந்ததைச் சொன்னாள்.

"ரெண்டு வழி இருக்குதுங்க. ஒண்ணு, எல்லா வூட்டுக்கும் பொதுவா ஒரே மெஷின். வூட்டுலேர்ந்து எடுக்குற சூட்ட வீணாக்காம, அதுலயே எல்லாருக்கும் குளிக்க வெந்நீர் போட்டுடும். இன்னொண்ணு, அவங்கவங்களுக்குத் தனி ஏசி. சூட்டக் கக்குற பொட்டிய வெளில வெச்சிக்கணும்."

தலைவர் பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார். செருமாமல் அவர் எதையும் தொடங்கியதில்லை. "பக்கத்து வூட்டுக்காரன் சூட்டுல நான் குளிக்கணுமாம்மா? எங்க பரம்பரைல அப்படிக் குளிச்ச ஆளே கெடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். பொது மெஷின் அந்தச் சிரிப்பிலேயே செத்தது.

பெட்டிகளை எங்கே வைப்பது? முன்பக்கம் வைத்தால் கட்டடத்துக்கு அழகில்லை. பொன்னுரங்கம் கண்ணை மூடித் திறந்தார். "நெருப்பு சம்பந்தப்பட்டது எல்லாமே அக்னி மூலைதான். மொட்ட மாடியில தென்கிழக்குல அடுக்கிடுங்க. வாஸ்துவுக்கும் ஆச்சு, பார்வைக்கும் மறைஞ்சுது."

அந்தத் தென்கிழக்கு மூலையில்தான் காவலாளி சின்னதுரையின் தகரக் கூரை அறை இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாஸ்துவில் காவலாளிக்கென்று மூலை ஒதுக்கியிருக்கவில்லை. சம்மதம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். கண்ணகியும் தூக்கினாள்.

சித்திரையில் சின்னதுரை அவள் வாசலில் வந்து நின்றான். வெள்ளிமலைப் பக்கமிருந்து பிழைக்க இறங்கி வந்தவன். மனைவி இருசம்மாள், ஒரு கைக்குழந்தை.

"டீச்சரம்மா, அந்தப் பொட்டிங்க அத்தினியும் எங்க வாசலப் பாத்து ஊதிக்கினு கெடக்குதுங்க. கதவத் தெறந்தா அனலு, சாத்துனா புழுக்கம். கொழந்த பால் குடிக்க மாட்டேங்குது."

"தலைவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேங்க. மலைக்காரன் ஒடம்புக்கு இன்னாடா ஆவும்னு கேட்டாரு."

"சரி, அடுத்த மீட்டிங்ல வெக்கிறேன்." சட்டென்று கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்த குளிர் வீணாகிக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டம், ஆண்டுவிழாவில் யாருக்குப் பொன்னாடை போர்த்துவது என்ற சண்டையிலேயே முடிந்தது. கண்ணகி வாய் திறக்கவில்லை. அந்த வாரமே குழந்தைக்கு வலிப்பு கண்டது. ஆஸ்பத்திரியில், உடம்பு சூடு தாங்கவில்லை என்றார்கள். குழந்தை பிழைக்கவில்லை. துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருசம்மாள் மலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தாள். இனி எந்த ஊரிலும் இறங்கப்போவதில்லை என்பதுபோல் இருந்தது அவள் உட்கார்ந்திருந்த விதம்.

கண்ணகி அன்றுதான் முதன்முதலாக மொட்டை மாடிக்கு ஏறினாள். அறை திறந்து கிடந்தது. உத்திரத்தில் குழந்தையின் ஏணைத் துணி தொங்கியது. முகத்தில் அறைந்த காற்றில் ஒரு நிமிஷம்கூட அவளால் நிற்க முடியவில்லை. முன்னால் இருந்த பெட்டியில் அவள் வீட்டு எண்தான் எழுதியிருந்தது.

இரங்கல் கூட்டம் பொன்னுரங்கத்தின் ஹாலில் குளுகுளுவென்று நடந்தது. "எல்லாம் விதி" என்று செருமிவிட்டு அவர் மௌன அஞ்சலிக்கு எழுந்தார். கண்ணகி போய் ஏசியை நிறுத்தினாள்.

"இன்னாம்மா இது, வேர்க்குமே" என்றார் பொன்னுரங்கம்.

"வேர்க்கட்டும் சார். ஏசி சூட்ட அழிக்காது, எடத்த மாத்தும், அவ்ளோதான். நம்ம வூட்டு அனலத் தூக்கி இல்லாதவன் வாசல்ல கொட்டுனோம். அடுத்தவனச் சுட்டு வாங்குற குளிர்ச்சி குளிர்ச்சியே இல்ல சார், கொல. அதுக்கு விதின்னு பேர் வெக்காதீங்க. கை தூக்குனது நாமதான். நானுந்தான்."