தூணில்லாத பள்ளியில் தாய்மாமன்

பாடாங்கின் பெரிய பள்ளிவாசலைப் பார்த்ததும் என் அண்ணன் ஸைனுல்பஹ்ரி முதலில் கேட்டது, "மாடியில குடும்பத்தோட உக்காந்து சாப்பிட தனி எடம் இருக்குமே?" என்பதுதான்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாதி ஆயுளுக்கு மேல் ஜகார்த்தாவில் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். உள்ளே எங்கள் ஊர்ச் சமையல் என்று தெரிய வேண்டுமானால் கடையின் தலையில் எருமைக் கொம்பு போல வளைந்த கூரை இருந்தாக வேண்டும். அண்ணன் தகரத்தில் வைத்திருந்தார். இங்கே அதே கொம்புகள் நாலு மூலையிலும் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கின்றன. குவிமாடம் மருந்துக்கும் கிடையாது.

"இந்தக் கூரைக்குக் கீழ எத்தன வருசம் ரெந்தாங் கறி பரிமாறியிருக்கேன் தெரியுமா நியார்? இங்க தொழ நின்னா ஓதுறதெல்லாம் மறந்துபோய், 'இன்னும் ரெண்டு தட்டு சோறு'ன்னுதான் வாயில வரும்."

"வரட்டுமே. பக்கத்துல பசியோட நிக்கிறவன் சந்தோசப்படுவான்" என்றேன்.

வாய் விளையாடினாலும் என் கவலை வேறு. என் மகள் வில்தா தன் நிக்காஹ் இந்தப் பள்ளியில்தான் நடக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் இது எழும்புவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் தாய்மாமன் சரி என்று சொல்லாமல் எங்களில் மாப்பிள்ளையை அழைத்துவர ஆள் கிளம்பாது. பெண்ணைப் பெற்றவர் என்ன சொல்கிறார் என்று கேட்காதீர்கள். என் கணவர் நல்ல மனிதர். அவர் பேச்சு அவருடைய அக்கா வீட்டில் எடுபடும்; அங்கே அவர்தான் தாய்மாமன்.

அழைப்பிதழ் மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். அண்ணனோ, ஊர்ப் பள்ளிவாசலை விட்டால் வேறு இடமில்லை என்றார். போதாததற்குக் காபிக் கடையில் எல்லோர் காதிலும் விழ, "குவிமாடம் இல்லாத எடத்துல என் தங்கச்சி மகளுக்கு நிக்காஹ் நடக்காது" என்று வேறு அறிவித்துவிட்டு வந்திருந்தார்.

"மாமா, ஒரு தடவ உள்ள வந்து பாருங்க. பிடிக்கலைன்னா நம்ம ஊர்லயே வச்சுக்கலாம். நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று கெஞ்சினாள் வில்தா.

"நீ வாயத் தொறக்காம இருக்கற அதிசயத்தப் பாக்கவாவது வரேன், நட."

சரிவுப் பாதையில் ஏறும்போது சுவரைத் தடவிப் பார்த்தார். சல்லடை போலத் துளைத்துச் செய்திருந்த கொடியும் பூவும் வெயிலை நறுக்கி நறுக்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தன.

"இது நம்ம வீட்டு முன்பலகையில இருக்கற பூவாச்சே! நம்மளக் கேக்காமலே எடுத்துட்டு வந்துட்டானுங்களா?"

"கூரைய நல்லாப் பாருங்க மாமா" என்றாள் வில்தா. "கஅபாவுல கறுப்புக் கல்ல யாரு தூக்கி வைக்கிறதுன்னு கூட்டத்தாருக்குள்ள சண்ட வந்துச்சே, அப்ப நபி ஒரு துணிய விரிச்சு, கல்ல அதுல வச்சு, எல்லாரையும் ஓரத்தப் புடிச்சுத் தூக்கச் சொன்னாங்கல்ல? அந்தத் துணிதான் இது. நாலு மூலையும் தூக்கி நிக்குது."

"துணியா? நான் கொம்புன்னுல்ல நெனச்சேன்."

"கொம்புந்தான். ரெண்டுந்தான்."

"அடேயப்பா! கட்டுனவன் ஒரே கூரையில மார்க்கம் படிச்ச ஆலிமையும் சமாளிச்சுட்டான், என்னையும் சமாளிச்சுட்டான்."

உள்ளே போனோம். ஒரு திடலையே கம்பளம் போட்டு மூடிவிட்டார்கள். சாய்ந்த சுவர்கள் மேலே போகப் போக, தலைக்கு மேல் கூரை தன்னைத் தானே தாங்கிக்கொண்டிருந்தது. நானே எத்தனையோ முறை வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாயைப் பிளக்காமல் இருந்ததில்லை. அண்ணனும் பிளந்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இங்கும் அங்கும் நடக்கத் தொடங்கினார்.

"நியார், தூண எங்க வச்சிருக்கான்?"

"இல்லண்ணே."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல."

"பூமி ஆடற ஊருல தூண் இல்லாமயா கட்டுவான்?"

"ஆடுனா ஊரே இங்கதான் ஓடி வரணுமாம்."

"ஓடி வந்து எதப் புடிச்சுக்கறது?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் வலதுபக்கத்து இரண்டாம் தூண் அவருடையது. எங்கள் மாமா சாய்ந்த தூண், அவருக்குப் பிறகு அண்ணன் சாய்கிற தூண். அவர்கள் முதுகு பட்டுப் பட்டு அதில் சுண்ணாம்பு நிற்பதில்லை. அண்ணன் ஜகார்த்தாவில் இருந்த காலத்தில்கூட அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை. நிக்காஹ் நாளில் அதில் சாய்ந்திருப்பவர்தான் பெண்ணின் மாமன் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே அவர் தொப்பி வைத்த ஒரு கிழவர், அவ்வளவுதான். குவிமாடமெல்லாம் சும்மா ஒரு சாக்கு. இது தெரியாமல் நான் வாரிக்கொண்டே வந்தேனே என்று சங்கடமாகிவிட்டது.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அண்ணன் போய் வரிசையில் சேர்ந்தார். நாங்கள் பின்னால் பெண்கள் பகுதியில் நின்றோம். முன்னால் ஒரே முதுகும் தொப்பியுமாக இருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த அண்ணன். எது அவர் என்று எனக்கே தெரியவில்லை. எட்டி எட்டிப் பார்த்தேன்.

"மாமாவத் தேடுறியாம்மா?" என்றாள் வில்தா மெதுவாக. "அதோ, சட்டைக் கழுத்த இழுத்து விட்டுக்கறாரு பாரு."

அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

தொழுகை முடிந்து வெளியே வந்த அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் கூரையையே பார்த்தார்.

"வெளிச்சம் நல்லா வருது" என்றார். "காத்தும் வருது."

"மாமா, வேணாம்னா வேணாம். நம்ம ஊர்லயே..." என்றாள் வில்தா.

"அன்னிக்கு நான் எங்கம்மா உக்காருறது?"

கேட்டே விட்டார். கேட்டதும் கூச்சம் வந்து, இல்லாத தூசியைச் சட்டையிலிருந்து தட்டினார்.

"எனக்குப் பின்னாடி, ஒட்டி" என்றாள் வில்தா. "அவ்வளவு பெரிய எடத்துல சாஞ்சுக்க ஒண்ணுமே இல்ல மாமா. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கும். நீங்கதான் தூணு."

அண்ணன் தொப்பியைக் கழற்றினார், மறுபடி வைத்தார்.

"பழைய தூணு. பாத்து, மெதுவா சாயி."

பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன நின்னு வேடிக்க பாக்குற? எடத்த மாத்தி அச்சடிக்கச் சொல்லு. சாப்பாடு மட்டும் என் பொறுப்பு. இந்தக் கூரைய நம்பி வர்றவன் ரெந்தாங் இல்லாமத் திரும்பக் கூடாது" என்றார்.

"காபிக் கடையில கேப்பாங்களேண்ணே, குவிமாடம் என்னாச்சுன்னு?"

"துணின்னு சொல்லுவேன். நாலு பேர் புடிச்ச துணி" என்றார் அண்ணன், வில்தாவின் தோளில் கையைப் போட்டுச் சரிவில் இறங்கியபடியே. "ஒரு மூலை என் கையில இருக்குன்னு சொல்லுவேன்."