சராசரியைக் கெடுக்கிறவள்

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர்கள் சொல்லும் பொய்யைத்தான் ஊர் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் என்பதும் அவளுக்குத் தெரியாது.

அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் நடக்கிற பொதுத்தேர்வு. வகுப்பின் சராசரி நாற்பதுக்கு இருபத்து நான்கைத் தொட வேண்டும். இரண்டு வருடமாகத் தொடவில்லை. போன வருடம் அரை மார்க்கில் போயிற்று. இந்த வருடமும் போனால் பள்ளியை இழுத்து மூடிவிடுவார்கள். பிள்ளைகள் நெடுஞ்சாலையைத் தாண்டி, லாரிகளுக்கு நடுவே ஓடி, இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும்.

தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"கடைசியில இருக்கிற ஒருத்தர் வராம இருந்தா போதும்மா. வராதவங்கள சராசரியில சேக்க மாட்டாங்க. அடுத்த மாசம் மறுதேர்வு வைப்பாங்கல்ல, அதுல எழுதிட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

நல்ல மனிதர்தான். கெட்டவர் கேட்டிருந்தால் டீச்சர் முகத்துக்கு நேரே முடியாது என்றிருப்பாள்.

கடைசியில் இருப்பது யார் என்பதற்கு அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. மேலிடத்து உத்தரவுப்படி ஒவ்வொரு பிள்ளையையும் நிற்க வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை வார்த்தை வாசிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணிய பட்டியல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்! அதில் அடியில் கிடந்தவள் குருவி. பதினொரு வார்த்தை. எழுந்து நின்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் எழுத்திலேயே திக்கித் திக்கி நிற்பாள், வகுப்பு கொல்லென்று சிரிக்கும், நிமிடம் முடிந்துவிடும். திக்கல் வேறு, படிப்பு வேறு என்று கடிகாரத்துக்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் குருவியின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. அம்மா ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். டீச்சர் குருவியின் நெற்றியில் கை வைத்தாள்.

"உடம்பு சுடுதேம்மா. நாளைக்கு அனுப்பாதீங்க. மறுதேர்வுல எழுதிக்கலாம்."

அம்மாவும் தொட்டுப் பார்த்தாள். "எனக்குத் தெரியலியே டீச்சர். நாள் பூரா கொதிக்கிற தண்ணியில கெடக்கிற கை. இதுக்கு எங்க சூடு தெரியப் போவுது? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

குருவி டீச்சரையே பார்த்தாள். பிறகு போய்ப் படுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இருபது பேர் எழுதினார்கள். சராசரி இருபத்து நாலரை. பள்ளி பிழைத்தது, தலைமையாசிரியர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் சுற்றறிக்கையும் வந்துவிட்டது. இந்த ஆண்டு மறுதேர்வு கிடையாது. எழுதாதவர்கள் அதே வகுப்பில் இன்னொரு வருடம் படிக்க வேண்டும்.

"உண்மையச் சொல்லிடலாம் சார்."

"சொன்னா ரிசல்ட்டையே ரத்து பண்ணிடுவாங்க. அப்புறம் இந்த இருபது பேரும் ரோட்டத் தாண்டணும். சொல்லுங்க, சொல்லிடலாமா?"

டீச்சர் சுற்றறிக்கையை மடித்து வைத்தாள். பயம்தான், வேறென்ன! ஒரு பக்கம் இருபது பேர், ஒரு பக்கம் ஒருத்தி என்று மனசைச் சமாதானம் செய்து பார்த்தாள். அது ஆகவில்லை.

அன்று மணி அடித்து எல்லாரும் போன பிறகு குருவி ஒரு நோட்டோடு வந்து மேஜையருகே நின்றாள். தேர்வன்று பக்கத்து வீட்டுத் தோழி கொண்டுவந்த வினாத்தாளை வாங்கி, கட்டிலில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் எழுதியிருந்தாள்.

"தி... திருத்தித் தர்றீங்களா டீச்சர்?"

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் பக்கம் எல்லாம் சரி. இரண்டாம் பக்கத்தில் ஒன்றுதான் தப்பு, மூன்றாம் பக்கத்தில் சில. கடைசியில் கூட்டிப் பார்த்தாள்: முப்பத்து மூன்று. தப்பாகக் கூட்டியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு மறுபடி கூட்டினாள். முப்பத்து மூன்றுதான்.

குருவி நோட்டை இழுத்து, ஓரத்தில் கணக்குப் போட்டாள். இருபது பேருக்கு நானூற்றுத் தொண்ணூறு. அதோடு முப்பத்து மூன்று. இருபத்தொன்றால் வகுத்தாள். கை எங்கும் தடுக்கவில்லை.

"கி... கிட்டத்தட்ட இருபத்தஞ்சு வருது டீச்சர். நான் வந்திருந்தா ஏ... ஏறியிருக்கும். கொறைஞ்சிடும்னுதான நீங்க வீட்டுக்கு வந்தீங்க?"

கோபமே இல்லை அந்தக் குரலில். கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கைக் காட்டிக்கொடுப்பது போலத்தான் சொன்னாள்.

"ஆமாம்மா. நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். என்னை மன்னிச்சிடு."

டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். குருவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரியவர்கள் அழுதால் என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. நோட்டை மூடி வைத்துவிட்டுக் கிட்டே வந்து டீச்சரின் தோளைத் தொட்டாள்.

"அழாதீங்க டீச்சர். அ... அடுத்த வருஷமும் நீங்கதான எனக்கு?"

டீச்சர் தலையாட்டினாள். குருவியின் முகம் மலர்ந்துவிட்டது. அதை மட்டும் டீச்சரால் பார்க்க முடியவில்லை.